கேசட் ஆடுகிறதா? இறுக்காதீர்கள், அளந்து பாருங்கள்

பெங்களூர் மர்ஃபி டவுனில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் தம் சைக்கிளின் பின்சக்கரத்தை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, கடையில் மூன்று முறை இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஆடுகிறது" என்றார். சக்கரத்தை மடியில் கிடத்தி, கேசட்டின், அதாவது பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பல்சக்கரக் கட்டின், பெரிய பல்சக்கரத்தை இரண்டு விரல்களால் பிடித்து அசைத்துப் பார்த்தேன். டக் டக் என்று சத்தம். பதினொரு பல்சக்கரங்களும் ஒரே கட்டாக உள்ளும் வெளியும் நகர்ந்தன. கட்டை வெளியிலிருந்து அடைக்கும் மரை வளையமான லாக்ரிங்கில் கருவியைப் பொருத்தி, குறித்த இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்சை 40 நியூட்டன் மீட்டருக்கு வைத்துத் திருப்பினேன். ரெஞ்ச் உடனே கிளிக் என்றது. கடைக்காரர் இறுக்கியதில் குறையே இல்லை. ஆனாலும் கேசட் ஆடியது.

இறுக்கம் சரியாக இருந்தும் கேசட் ஆடுகிறது என்றால், கோளாறு நீளத்தில் இருக்கிறது. அந்தச் சக்கரத்தில் 1.85 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அந்த அளவுக்குத் தடிமன் உள்ள ஒரு சிறு வளையம், அதாவது ஸ்பேசர், கேசட்டுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். நண்பரின் வீட்டில், புதுச் சக்கரம் வந்த அட்டைப்பெட்டியின் அடியில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அது பத்திரமாகக் கிடந்தது.

பெங்களூரில் இந்தக் கோளாறு அடிக்கடி கண்ணில் படுகிறது. அதற்கு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நந்தி மலை ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அதற்குள் போகும் முன்னால், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் கேசட் எப்படி உட்காருகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

விலை குறைந்த சைக்கிள்களில் பின்சக்கரத்துப் பற்கள் எல்லாம் ஃப்ரீவீல் என்ற ஒரே உருண்டையாக வரும். அது ஹப்பின் மேல் மரையால் திருகி ஏறுகிறது. பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகவே இறுகிக்கொள்ளும். அங்கே ஸ்பேசர் பற்றிய கவலை இல்லை. கேசட்டின் அமைப்பு வேறு. சும்மா சுழலும் பொறி ஹப்புக்குள்ளேயே இருக்கிறது. ஹப்பின் வலது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர். ஷிமானோ நிறுவனம் 1978இல் இதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளையின் மேல் நீளவாக்கில் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். பல்சக்கரங்களை அந்தக் காடிகளில் ஒவ்வொன்றாகக் கோத்து, கடைசியில் ஒரு லாக்ரிங்கைத் திருகி அடைக்க வேண்டும். காடிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறுகலானது. ஆகவே பல்சக்கரத்தை ஒரே ஒரு திசையில்தான் மாட்ட முடியும். சேரவில்லை என்றால் தட்டக் கூடாது. சுற்றிப் பார்த்தால் தானே விழும்.

உங்களுடையது கேசட்டா, ஃப்ரீவீலா என்று தெரியாவிட்டால் சக்கரத்தைக் கழற்றிப் பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி நுழையும் பள்ளமும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் அது கேசட். பள்ளம் அசையாமல் நிற்க, பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல்.

லாக்ரிங்கின் வேலையைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மிதிக்கும் விசையை அது தாங்குவதில்லை; அதைக் காடிகள் தாங்குகின்றன. பல்சக்கரக் கட்டு முழுவதையும் ஹப்பின் உட்பக்கத்தில் இருக்கும் தடுப்பை நோக்கி நெருக்கிப் பிடிப்பதுதான் லாக்ரிங்கின் வேலை. அந்த நெருக்கல் நடக்க வேண்டுமானால் கட்டின் கடைசிச் சக்கரம் உருளையின் விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் போலாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டவில்லை என்றால் லாக்ரிங் உருளையின் விளிம்பிலேயே முட்டி நின்றுவிடும். அங்கே எவ்வளவு இறுக்கினாலும் இரும்பை இரும்போடு இறுக்குகிறோமே தவிர, கேசட்டின் மேல் துளியும் அழுத்தம் விழுவதில்லை. டார்க் ரெஞ்சுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எங்கே முட்டினாலும் 40 வந்ததும் அது கிளிக் என்று சொல்லிவிடும். நண்பரின் சக்கரத்தில் நடந்தது இதுதான்.

இப்போது நீளக் கணக்கு. ஷிமானோவின் ஃப்ரீஹப் உருளை பல ஆண்டுகளாகச் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் இருந்தது. 8 கியர், 9 கியர், 10 கியர் மூன்றுக்கும் அதே உருளைதான். கியர் கூடக் கூட, பல்சக்கரங்களின் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 8 கியரில் 4.8 மில்லிமீட்டர், 9 கியரில் ஏறக்குறைய 4.35, 10 கியரில் 3.95. பல்சக்கரத் தகடும் மெலிந்தது, செயினும் மெலிந்தது. 2012இல் டியூரா ஏஸ் 9000 வரிசையோடு 11 கியர் சாலை சைக்கிளுக்கு வந்தபோது, இடைவெளியைக் குறைத்தும் பழைய உருளையில் இடம் போதவில்லை. உருளையை 1.85 மில்லிமீட்டர் நீட்டினார்கள். சைக்கிளின் பின் முட்கரண்டிக்குள் இருக்கும் அகலம் அப்போது மாறவில்லை, 130 மில்லிமீட்டர்தான். ஆகவே உருளை நீண்ட அளவுக்கு ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளப்பட்டது. வலது பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகள் இன்னும் செங்குத்தாக நிற்க வேண்டியதாயிற்று. சக்கரம் கட்டுபவர்களுக்கு இது பிடித்தமான மாற்றம் இல்லை. இடது வலது கம்பிகளின் இழுவிசை வேறுபாடு அதனால் கூடியது.

ஸ்பேசர் தேவை இந்த ஒரு முடிவிலிருந்து தொடங்குகிறது. 11 கியர் சாலைச் சக்கரம் ஒன்றை வாங்கி, அதில் பழைய 8, 9 அல்லது 10 கியர் கேசட்டை மாட்டினால் உருளை 1.85 மில்லிமீட்டர் மிச்சமாகிவிடும். அந்த மிச்சத்தை நிரப்ப அதே தடிமனில் ஒரு வளையம் வேண்டும். அது கேசட்டுக்குப் பின்னால், ஹப்பை ஒட்டி, முதலில் ஏற வேண்டியது. முன்பக்கம் லாக்ரிங்குக்கு அடியில் வைக்கும் பொருள் அல்ல.

இனி நந்தி மலைக்கு வருவோம். எங்கள் பகுதித் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலைப் பக்கம் கூடி, நந்திக்குப் புறப்படுவோம். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தியின் உச்சி 1,478 மீட்டர். ஊரிலிருந்து அடிவாரம் வரை பாதை பெரும்பாலும் சமமாகவே போகும். ஏற்றம் எல்லாம் கடைசி ஏழெட்டு கிலோமீட்டரில், கொண்டை ஊசி வளைவுகளில் வந்து சேரும். சாலை சைக்கிளில் முன்னால் சிறிய சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல் என்றால், ஒரு முறை பெடல் சுற்றச் சைக்கிள் சுமார் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்க வேண்டுமானால் மணிக்குப் பத்தரை கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அலுவலக வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கு நந்தியில் அது கடினம். பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போல வரும். அதே 70 சுற்றை மணிக்கு 9 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் மிதிக்கலாம். முழங்காலுக்கு இது பெரிய ஆறுதல். அதனால்தான் நந்திக்குப் பழகும் ஒவ்வொருவரும் சில மாதங்களில் 11-34 கேசட், அதாவது சிறியதில் 11 பல்லும் பெரியதில் 34 பல்லும் உள்ளது, தேடிப் போகிறார்கள்.

சிக்கலும் அங்கேதான். 11-34 அளவில் ஷிமானோ தரும் எச்ஜி700, எச்ஜி800 ஆகிய இரண்டும் 11 கியர் கேசட்டுகள்தாம். ஆனால் அவை பழைய, குட்டையான உருளைக்காக வடிவமைக்கப்பட்டவை. "11 கியர் கேசட், 11 கியர் ஹப், பிறகு எதற்கு ஸ்பேசர்?" என்று யாருக்கும் தோன்றும். என் நண்பருக்குச் சக்கரம் மாட்டிக் கொடுத்தவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். எண்கள் பொருந்துகின்றன, உருளையின் நீளம் பொருந்தவில்லை. இந்தக் கேசட்டை 11 கியர் சாலை ஹப்பில் மாட்டினால் 1.85 வளையம் கட்டாயம். பழைய 10 கியர் ஹப்பில் மாட்டினால் எதுவும் வேண்டாம். மலை சைக்கிளுக்கான 11-40, 11-42 போன்ற 11 கியர் கேசட்டுகளுக்கும் இதே கணக்குதான்.

பதினொரு சக்கரங்கள் எப்படிக் குட்டையான உருளையில் அடங்குகின்றன என்று கேட்கலாம். ஒரு பின்சக்கரத்தைப் பின்னாலிருந்து பாருங்கள். ஸ்போக்ஸ் கம்பிகள் ஹப்பின் விளிம்பிலிருந்து மேலே போகப் போக ரிம்மின் நடுவை நோக்கிச் சாய்ந்து, கேசட்டை விட்டு விலகிக்கொண்டே போகின்றன. சிறிய பல்சக்கரத்தின் பற்கள் ஹப்பின் விளிம்புக்கு அருகில் நிற்பதால் உள்ளே சாய இடமில்லை. 34 பல் அளவுக்குப் பெரியதாகிவிட்டால் அதன் பற்கள் கம்பிகள் விலகிய இடத்தில் நிற்கின்றன. அங்கே இடம் கிடைக்கிறது. ஆகவே பெரிய பல்சக்கரத்தைத் தட்டு போலக் குழித்து, உருளையின் தடுப்பைத் தாண்டி ஹப்பின் விளிம்புக்கு மேலாக உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள். கேசட்டைத் திருப்பிப் பிடித்து முதுகைப் பார்த்தால் அந்தக் குழிவு கையில் தட்டுப்படும். பொறியியலில் இப்படி வீணாகக் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தும் வேலையைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

10 கியரிலும் ஒரு சிறு குழப்பம் உண்டு. ஷிமானோ 10 கியரை டியூரா ஏஸ் 7800 வரிசையோடு கொண்டுவந்தபோது, அதன் ஹப்புக்காகத் தனி உருளை ஒன்றைச் செய்தது. அது வழக்கமான உருளையைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டை. ஷிமானோவின் 10 கியர் சாலைக் கேசட்டுகள் பெரும்பாலும் அந்த நீளத்துக்கு ஏற்றவாறு அமைந்தன. எனவே அவற்றை வழக்கமான 8, 9, 10 கியர் உருளையில் மாட்ட 1 மில்லிமீட்டர் வளையம் ஒன்று பெட்டியிலேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதே கேசட் 11 கியர் சாலை ஹப்புக்குப் போனால் 1.85, 1 ஆகிய இரண்டு வளையங்களும் சேர்ந்து ஏற வேண்டும். மலை சைக்கிளுக்கான 10 கியர் கேசட்டுகளுக்கு அந்த 1 மில்லிமீட்டர் தேவையில்லை. ஸ்ராம் என்ற இன்னொரு நிறுவனத்தின் 10 கியர் கேசட்டுகளுக்கும் தேவையில்லை. பழைய 7 கியர் கேசட்டை 8, 9, 10 கியர் உருளையில் மாட்ட 4.5 மில்லிமீட்டர் வளையம் வேண்டும். நீண்ட உருளைக்கு என்று வந்த சாலை 11 கியர் கேசட்டைப் பழைய குட்டை உருளையில் மாட்ட நினைத்தால் எந்த வளையமும் உதவாது. கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உருளையே விடை சொல்லிவிடும். கேசட்டை வளையம் இல்லாமல் மாட்டி, கடைசிப் பல்சக்கரத்தையும் ஏற்றி, கையால் நன்றாக உள்ளே அழுத்திக்கொண்டு, விரல் நகத்தை உருளையின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். நகம் பல்சக்கரத்தின் மேட்டில் தடுக்கினால் வளையம் தேவையில்லை. இரண்டும் ஒரே மட்டமாக இருந்தாலோ, பல்சக்கரம் விளிம்புக்குள் அமிழ்ந்திருந்தாலோ, வளையம் வேண்டும். பிறகு லாக்ரிங்கைக் கையாலேயே திருகுங்கள். லாக்ரிங்கின் அடியிலும் கடைசிப் பல்சக்கரத்தின் முகத்திலும் நுண்ணிய வரிகள் இருக்கும். இரண்டும் தொடும்போது கிர்ர் கிர்ர் என்று கரகரப்பு கேட்கும். அந்தச் சத்தம்தான் கேசட் பிடிபட்டதற்கு அடையாளம். சத்தமே இல்லாமல் லாக்ரிங் வழுக்கிக்கொண்டு போய்த் திடீரென்று நின்றுவிட்டால் அது உருளையில் முட்டியிருக்கிறது. கையில் ரெஞ்சை எடுக்கும் முன்பே தவறு தெரிந்துவிடும். நண்பரின் சக்கரத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. வளையத்தைப் போட்டு மாட்டியதும் வந்தது.

சந்தேகத்துக்குக் கூடுதலாக ஒன்று போட்டு வைப்போம் என்ற எண்ணமும் ஆபத்தானது. தடிமன் கூடிவிட்டால் கடைசிப் பல்சக்கரம் காடிகளில் போதிய அளவு உட்காராது. லாக்ரிங் ஓரிரு மரைகளில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அந்தப் பல்சக்கரம் உருளையில் வழுக்கிச் சுற்றலாம். லாக்ரிங்கின் மரை பிய்ந்துகொண்டு வரலாம். சிறிய பல்சக்கரத்தில் ஓடும் செயின் சட்டகத்தில் உரசவும் செய்யும். லாக்ரிங் குறைந்தது மூன்று நான்கு சுற்றாவது மரையில் உள்ளே போன பிறகே இறுக வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

ஆடும் கேசட்டோடு ஓட்டினால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். கியர் சரியாக விழாது என்பது முதல் தொல்லை. காலையில் சரிசெய்த கியர் மாலையில் தப்பிவிடும். கியர் கம்பியை எவ்வளவு முறுக்கினாலும் நிலைக்காது. அதைவிடப் பெரிய இழப்பு உருளைக்கு. விலை கூடிய சக்கரங்களில் உருளை அலுமினியத்தால் ஆனது, பல்சக்கரங்கள் எஃகு. நெருக்கிப் பிடிக்கப்படாத எஃகுத் தகடு ஒவ்வொரு மிதிக்கும் அலுமினியக் காடியின் விளிம்பைக் கத்தி போலக் கடிக்கும். சில நூறு கிலோமீட்டர் போனதும் கேசட்டைக் கழற்றவே முடியாதபடி பற்கள் பதிந்துவிடும். நண்பரின் உருளையில் நான் பார்த்த தழும்புகள் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் இருந்தன. மெல்லிய அரத்தால் மேடுகளை மட்டும் நீவிவிட்டேன். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் உருளையையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

பின்னால் வைக்கும் வளையத்தைப் போலவே, பல்சக்கரங்களுக்கு இடையில் வரும் வளையங்களும் முக்கியம். ஜூனில் மழை தொடங்கியதும் செம்மண் சேறு கேசட்டில் அப்பிக்கொள்கிறது. வீட்டிலேயே கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். கழுவி முடித்துச் செய்தித்தாளில் பரப்பி வைத்தபிறகு எது எதற்கு அடுத்தது என்று தெரியாமல் விழிப்பார்கள். 8 கியரில் இடை வளையம் 3 மில்லிமீட்டர், 9 கியரில் 2.56, 10 கியரில் 2.35. இரண்டு கேசட்டுகளை ஒரே நாளில் கழுவி வளையங்கள் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கியர் மாற்றும்போதுதான் தெரியும். ஒரு குறிப்பிட்ட கியரிலிருந்து மேலே எல்லாமே தள்ளி விழும். அப்படிப்பட்ட சமயத்தில் வெர்னியர் காலிபரைத் தவிர வேறு வழியில்லை. சில கேசட்டுகளில் கடைசிச் சிறு பல்சக்கரத்துக்கு வளையம் தனியாக வராது, அதோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் வெளியிலிருந்து ஒன்றைச் செருகக் கூடாது. நான் கழற்றும்போதே ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து, பல்சக்கரம், வளையம், பல்சக்கரம் என்று வரிசை மாறாமல் பூமாலை போலக் கோத்துவிடுவேன். கழுவுவதும் காயவைப்பதும் அந்தக் கம்பியிலேயே.

மாட்டும் வேலை எளிது. உருளையைத் துடைத்து மெல்லியதாகக் கிரீஸ் பூசுங்கள்; மழையில் துருவேறி ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கும். முதலில் பின் வளையம், பிறகு குறுகிய காடியைப் பார்த்துப் பெரிய கட்டு, பிறகு தனிச் சக்கரங்கள். லாக்ரிங்கின் மரையிலும் ஒரு துளி கிரீஸ். லாக்ரிங்கிலும் அளவு உண்டு: 11 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கு ஒன்று, 12 பல்லில் தொடங்குவதற்குச் சற்றுப் பெரியது ஒன்று. வலப்பக்கம் திருப்பி 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கழற்றும்போது பற்களைச் சுற்றவிடாமல் பிடிக்கச் செயின் விப் வேண்டும். மாட்டும்போது தேவையில்லை, உருளையே பிடித்துக்கொள்ளும்.

வளையம் சேர்த்த பிறகு கேசட் முன்பிருந்த இடத்தில் இருக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டிரெய்லியரின் இரண்டு எல்லைத் திருகுகளையும் மறுபடி சரிசெய்யாமல் சாலைக்குப் போகாதீர்கள். உள் எல்லை தளர்ந்திருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் கடைசிக் கியரைத் தேடும்போது செயின் 34 பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழும். டிரெய்லியர் முறியும், அதோடு சில சமயம் அது மாட்டியிருக்கும் சட்டகத்தின் காதும் முறியும். சக்கரத்தைத் தொங்கவிட்டு, கடைசிக் கியரில் வைத்து, டிரெய்லியரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். தள்ளியும் செயின் தாண்டக் கூடாது. 28 பல்லிலிருந்து 34க்கு மாறியவர்களுக்கு டிரெய்லியரின் கூண்டு அந்த அளவைத் தாங்குமா என்ற கேள்வியும் உண்டு. கேசட் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டியது அது.

பழைய சக்கரத்தைக் கைமாற்றி விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேசட்டைக் கழற்றிக்கொண்டு சக்கரத்தை மட்டும் கொடுக்கும்போது, பின்னால் இருந்த வளையம் பெரும்பாலும் கேசட்டோடு போய்விடுகிறது, அல்லது கிரீஸில் ஒட்டிக் குப்பைக்குப் போய்விடுகிறது. அதைத் துடைத்துச் சக்கரத்தோடு கட்டிக் கொடுங்கள். நண்பரின் சக்கரத்தை முடித்துக் கொடுத்தபோது, ஹப்பின் நடுவில் வெள்ளை நாடா ஒன்றைச் சுற்றி, அழியாத மையில் "11-34: 1.85 வேண்டும்" என்று எழுதி ஒட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் தேநீர் குடிக்க நின்றபோது அவர் குனிந்து கேசட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை. தேநீர்க் குவளையை வைத்துவிட்டு ஏறத் தொடங்கினோம்.